மீன் தொட்டியும் கீரைப் பாத்தியும்: கணக்கைத் தீவனத்திலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: ஓசூர் அருகே எங்களுக்கு 1,000 சதுர மீட்டர் பசுமைக்குடில் இருக்கிறது. பல ஆண்டுகள் குடைமிளகாய் பயிரிட்டோம். வேர்முடிச்சு நூற்புழு மண் முழுவதும் பரவிவிட்டதால் மண்ணில் பயிர் செய்வதை நிறுத்திவிட்டு, குடிலின் ஒரு மூலையில், மீன் வளரும் நீரிலேயே செடியும் வளர்க்கும் அக்வாபோனிக்ஸ் முறையைச் சோதித்துப் பார்க்கிறோம். 5,000 லிட்டர் தார்பாலின் தொட்டியில் 200 கிஃப்ட் திலேப்பியா மீன்கள் விட்டு மூன்று மாதம் ஆகிறது. இப்போது ஒவ்வொன்றும் ஏறக்குறைய 100 கிராம் இருக்கிறது. தொட்டி நீர் 200 லிட்டர் டிரம்மில் உள்ள ஜல்லி வழியாக 20 சதுர மீட்டர் மிதவைப் பாத்திக்கு (நீரில் மிதக்கும் பலகைகளில் செடி வளரும் பாத்தி) போய், மீண்டும் தொட்டிக்கு வருகிறது. லெட்யூஸ், பாலக், சில தக்காளிச் செடிகள் வைத்திருக்கிறோம். லெட்யூஸின் இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக, மற்ற இடமெல்லாம் வெளிர் மஞ்சளாக இருக்கின்றன. தக்காளியில் அடி இலைகளின் ஓரம் கருகுகிறது. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கின்றன. பி.எச். 8.2, அம்மோனியா 1 மி.கி. என்று சோதனைப் பெட்டி காட்டுகிறது. அம்மோனியாவுக்குப் பயந்து நாளொன்றுக்கு 300 கிராம் தீவனம் மட்டுமே போடுகிறோம். ஆழ்துளைக் கிணற்று நீரின் காரத்தன்மை லிட்டருக்கு 350 மி.கி. என ஆய்வக அறிக்கை சொல்கிறது; தினமும் 200 லிட்டர் அந்த நீரை ஈடுசெய்து விடுகிறோம். மீன் கழிவே போதும், உரமே தேவையில்லை என்று சொல்லித்தான் அமைத்துக் கொடுத்தார்கள். எங்கே தவறு? இதைக் குடில் முழுவதற்கும் விரிவாக்கலாமா? குடைமிளகாயை இதில் வளர்க்க முடியுமா? சென்ற வாரம் சமைத்துப் பார்த்த மீனில் சேற்று வாடை அடித்தது. அதற்கு என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு வணக்கம். அளவுகளோடு எழுதியிருக்கிறீர்கள்; அதனால்தான் தொலைவிலிருந்தே ஓரளவு உறுதியாகப் பதில் சொல்ல முடிகிறது. உங்கள் கடிதத்தில் இலை மஞ்சள், ஓரக் கருகல், மீன் திணறல், அம்மோனியா என நான்கு தொல்லைகள் தனித்தனியாகத் தெரிந்தாலும், நான்கையும் இணைக்கும் ஓர் எண் அதிலேயே இருக்கிறது. அது நீங்கள் போடும் 300 கிராம் தீவனம்.

அக்வாபோனிக்ஸில் வெளியிலிருந்து ஊட்டமாக உள்ளே வருவது பெரும்பாலும் மீன் தீவனம் ஒன்றுதான். செடிக்கு வேண்டிய தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் அதிலிருந்தே வருகின்றன. நுண்ணுயிர்களுக்கு வேலை வருவதும், ஆக்சிஜன் செலவாவதும், நீரின் காரத்தன்மை, அதாவது அமிலத்தைத் தாங்கி பி.எச்.-ஐ இறங்கவிடாத ஆற்றல், குறைவதும் அதனால்தான். ஆகவே மீன் எண்ணிக்கையையோ தொட்டிக் கொள்ளளவையோ வைத்து இந்த முறையை அளப்பதைவிட, ஒரு நாளில் ஒரு சதுர மீட்டர் பாத்திக்கு எத்தனை கிராம் தீவனம் போகிறது என்று அளப்பதே சரி. அமெரிக்க வர்ஜின் தீவுகளில் உள்ள செயின்ட் குரோய் தீவில், ஜேம்ஸ் ரகோசியும் அவருடைய குழுவினரும் பல ஆண்டுகள் திலேப்பியாவையும் மிதவைப் பாத்தியையும் இணைத்து நடத்திய ஆய்வுகளிலிருந்து வந்த அளவு, சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 60 முதல் 100 கிராம். ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 2014ஆம் ஆண்டு வெளியிட்ட சிறு அளவு அக்வாபோனிக்ஸ் கையேடு, இலைப் பயிர்களுக்கு 40 முதல் 50 கிராம், காய்ப் பயிர்களுக்கு 50 முதல் 80 கிராம் என்கிறது. உங்கள் பாத்திக்குப் போவதோ 15 கிராம். இலைப் பயிருக்கான குறைந்த அளவில் பாதியைக்கூட அது எட்டவில்லை.

அதற்காக உடனே தீவனத்தைக் கூட்டிவிடாதீர்கள் என்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நீங்கள் பயந்ததில் நியாயம் உண்டு. சோதனைப் பெட்டி காட்டும் 1 மி.கி. என்பது நீரில் உள்ள மொத்த அம்மோனியா; அதில் மீனுக்கு நஞ்சாவது அயனியாகாத பகுதி மட்டுமே. நீரின் வெப்பம் 28 டிகிரி, பி.எச். 7 என்றால் அந்தப் பகுதி நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அதே வெப்பத்தில் பி.எச். 8.2 என்றால் நூற்றில் பத்துப் பங்கு. அதாவது உங்கள் தொட்டியில் லிட்டருக்கு 0.1 மி.கி. அளவுக்கு நஞ்சுப் பகுதி இருக்கிறது. திலேப்பியா உடனே சாகாது; ஆனால் செவுள் நோகும், பசி குறையும், நோய் எளிதில் தொற்றும். இதே 1 மி.கி. பி.எச். 7 உள்ள நீரில் இருந்தால் இவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை.

நாளுக்கு 300 கிராம் போன்ற சிறு அளவுத் தீவனத்துக்கே அம்மோனியா ஏன் மிஞ்சுகிறது என்பதே அடுத்துக் கேட்க வேண்டிய கேள்வி. மூன்று மாதம் ஆன அமைப்பில், அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் குடியேறியிருக்க வேண்டும். ஓசூரின் வெப்பத்தில் அதற்கு ஐந்தாறு வாரம் போதும். குடியேறியும் வேலை நடக்கவில்லையென்றால் அவற்றுக்கு மூச்சு முட்டுகிறது என்று பொருள். நீங்கள் விவரித்த அமைப்பில் திடக்கழிவைப் பிரித்தெடுக்கும் தொட்டி எதுவும் இல்லை. மீன் உண்ட தீவனத்தில் ஏறக்குறைய கால் பங்கு திடக்கழிவாக வெளியே வருகிறது. அது அந்த 200 லிட்டர் டிரம்மில் ஜல்லி இடுக்குகளிலும், பாத்தியின் அடியிலும், செடி வேர்களிலும் படிந்து அழுகுகிறது. அழுகும்போது ஆக்சிஜனைத் தின்று, புதிதாக அம்மோனியாவையும் விடுகிறது. டிரம்மைத் திறந்து ஜல்லியைக் கிளறிப் பாருங்கள். கறுப்பாக இருந்து அழுகிய முட்டை நாற்றம் வந்தால் வேறு சோதனையே தேவையில்லை.

கழிவு கீழே படிவதற்கு நீர் ஏறக்குறைய 20 நிமிடம் அமைதியாகத் தங்க வேண்டும். தொட்டி நீர் முழுவதும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை சுழல்வதாக வைத்துக்கொண்டால் மணிக்கு 2,500 லிட்டர் ஓடுகிறது; 20 நிமிடத்துக்கு 830 லிட்டர். எனவே அடிப்பகுதி கூம்பாக உள்ள 1,000 லிட்டர் தொட்டி ஒன்று மீன் தொட்டிக்கும் ஜல்லி டிரம்முக்கும் இடையே வர வேண்டும். தினமும் ஒரு முறை அதன் அடிக் குழாயைத் திறந்து கழிவை வெளியே விடுங்கள். தென்னைக்கோ வாழைக்கோ அதைவிட நல்ல உரம் கிடையாது. ஜல்லியைக் கழுவும்போது குழாய் நீரையும் குளோரின் கலந்த நீரையும் தவிர்த்து, மீன் தொட்டி நீரிலேயே அலசினால் நுண்ணுயிர்ப் படலம் பிழைக்கும். கூடவே ஒரு சிறு சோதனை செய்யுங்கள்: சில ஜல்லிகளைக் காயவைத்து அவற்றின்மேல் வினிகரை ஊற்றினால் நுரைக்கிறதா என்று பாருங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்புக் கல், நீரின் பி.எச். குறைய அது விடாது. கருங்கல் ஜல்லி நுரைக்காது.

விடியற்காலையில் மீன் வாய் பிளப்பதற்கு அழுகும் கழிவு ஒரு காரணம். தொட்டி நீர் பச்சையாக இருக்கிறதென்றால் பாசி இன்னொரு காரணம். பசுமைக்குடிலுக்குள் மூடாமல் வைத்த தொட்டியில் வெளிச்சம் விழுவதால் பாசி பெருகும். பகலில் அது கரியமில வாயுவை உறிஞ்சி பி.எச்.-ஐ மேலும் ஏற்றுகிறது, இரவில் மீனோடு போட்டியிட்டு ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. நீங்கள் பி.எச். பார்த்தது மாலையில் என்றால், காலையில் மீண்டும் ஒரு முறை பாருங்கள்; இரண்டு அளவும் விலகி நின்றால் பாசியின் வேலை உறுதி. மீனுக்கு வெயில் தேவையில்லை. தொட்டியின் மேல் அடர்ந்த நிழல்வலையோ தார்பாயோ போட்டு மூடுங்கள். மிதவைப் பலகைகளுக்கு இடையே நீர் தெரியும் இடைவெளிகளையும் அடையுங்கள். காற்றைக் குமிழிகளாக விடும் காற்றுக் கற்கள் மீன் தொட்டியில் மட்டும் இருந்தால் போதாது, பாத்தியின் நீரிலும் சில இருக்க வேண்டும். ஒரு கிலோ தீவனத்துக்கு மீனும் நுண்ணுயிரும் சேர்ந்து அரைக் கிலோ அளவுக்கு ஆக்சிஜனைச் செலவழிக்கின்றன, வேரும் தன் பங்கைக் கேட்கும். கரைந்த ஆக்சிஜன் எங்கும் லிட்டருக்கு 5 மி.கி.க்குக் குறையாமல் இருக்கட்டும்.

இனி இலை மஞ்சளுக்கு வருகிறேன். இளம் இலையில் நரம்பு பச்சையாக நின்று இடைப்பகுதி வெளுப்பது இரும்புச்சத்துக் குறைவின் தெளிவான அடையாளம். மீன் தீவனத்தில் இரும்பு, சாம்பல்சத்து (பொட்டாசியம்), சுண்ணாம்புச்சத்து ஆகிய மூன்றும் செடியின் தேவைக்குக் குறைவாகவே இருக்கும், ஏனென்றால் அது மீனுக்காகச் செய்யப்பட்டது. ரகோசியின் அமைப்பிலேயே மூன்று வாரத்துக்கு ஒரு முறை லிட்டருக்கு 2 மி.கி. வீதம் செலேட் இரும்பு (நீரில் கரைந்தே நிற்கும்படி ஒரு கரிமப் பொருளோடு பிணைத்த இரும்பு) சேர்த்தார்கள். சுண்ணாம்பும் சாம்பல்சத்தும் ஹைட்ராக்சைடு வடிவில் கொடுத்தார்கள். இந்தத் துறையின் முன்னோடி அமைப்பே இப்படி இயங்கியிருக்க, உரமே தேவையில்லை என்று சொல்லி விற்பது விவசாயியைத் தவறான வழியில் விடுவதாகும். இந்த வாக்கியத்தை நம்பிப் பணம் போட்டவர்கள் பலரிடமிருந்து எனக்குக் கடிதங்கள் வருகின்றன என்பதால் இதைக் கடுமையாகவே சொல்கிறேன்.

இரும்பு வாங்கும்போது பையில் உள்ள செலேட்டின் பெயரைப் பாருங்கள். கடையில் எளிதாகக் கிடைக்கும் ஈ.டி.டி.ஏ. இரும்பு, பி.எச். 6.5-க்கு மேல் நிலைத்து நிற்பதில்லை. டி.டி.பி.ஏ. 7.5 வரை தாங்கும். உங்கள் 8.2-க்கு இப்போதைக்கு ஈ.டி.டி.எச்.ஏ. இரும்பு ஒன்றே பயன்படும். தொட்டி, பாத்தி, குழாய் எல்லாம் சேர்த்து உங்கள் அமைப்பில் 10,000 லிட்டர் நீர் இருப்பதாகக் கொண்டால், 2 மி.கி. வீதம் 20 கிராம் இரும்பு வேண்டும்; 6 சதவீத இரும்பு உள்ள பொடியில் அது ஏறக்குறைய 330 கிராம். நீரில் கரைத்து, பாத்திக்கு நீர் நுழையும் இடத்தில் ஊற்றுங்கள். நீர் செந்நிறமாகும், மீனுக்குக் கேடில்லை. பழைய இலை தேறாது, பத்து நாளில் புதிதாக வரும் இலை பச்சையாக வருகிறதா என்பதையே பார்க்க வேண்டும். தக்காளியின் அடி இலை ஓரக் கருகல் சாம்பல்சத்துக் குறைவு. அதற்கு இப்போது பொட்டாசியம் சல்பேட்டைச் சிறு அளவில், பி.எச். இறங்கிய பிறகு வேறு வழியில். அந்த வழியைக் கீழே சொல்கிறேன்.

பி.எச். பற்றிப் பேசும்போது பலரும் முதலில் அமிலத்தைத் தேடுகிறார்கள். மீன் தொட்டியில் நேரடியாக அமிலம் ஊற்ற வேண்டாம், பி.எச். சட்டென்று இறங்கி, காரத்தன்மை மிச்சமிருப்பதால் மறுநாளே ஏறிவிடும், இந்த ஏற்ற இறக்கம்தான் மீனைக் கொல்வது. எலுமிச்சைச் சாறும் சிட்ரிக் அமிலமும் நுண்ணுயிர்களுக்குக் கெடுதல். உங்கள் நிலையில் அமிலமே இல்லாமல் வேலை முடிய வழி இருக்கிறது. 32 சதவீதப் புரதம் உள்ள ஒரு கிலோ தீவனத்திலிருந்து 30 கிராம் அளவுக்கு அம்மோனியா தழைச்சத்து வருகிறது. அதை நைட்ரேட்டாக மாற்றும்போது நுண்ணுயிர்கள் 200 கிராமுக்குச் சற்று அதிகமான காரத்தன்மையைச் செலவழிக்கின்றன. உங்கள் 300 கிராம் தீவனம் நாளொன்றுக்கு 64 கிராமைச் செலவழிக்க முடியும். நீங்கள் தினமும் விடும் 200 லிட்டர் ஆழ்துளை நீரோ 70 கிராமை உள்ளே கொண்டுவருகிறது. செலவுக்குச் சமமாக வரவும் இருப்பதால், மூன்று மாதமாக உங்கள் பி.எச். அசையவே இல்லை.

வரவை நிறுத்தினால் அது தானாக இறங்கும். ஆழ்துளை நீருக்குப் பதில் மழைநீரை விடுங்கள். 1,000 சதுர மீட்டர் கூரையில் ஒரு மி.மீ. மழை பெய்தால் 1,000 லிட்டர்; ஆண்டுக்கு 700 மி.மீ. மட்டுமே பெய்வதாக வைத்து, ஐந்தில் ஒரு பங்கு வீணாவதாகக் கழித்தாலும் ஐந்தரை லட்சம் லிட்டர் உங்கள் குடிலின் வாய்க்காலில் ஓடி வெளியே போகிறது. உங்களுக்குத் தேவைப்படுவது ஆண்டுக்கு 73,000 லிட்டர்தான். தார்பாய் விரித்த ஒரு சிறு பண்ணைக்குட்டை வெட்டி அதில் சேமியுங்கள். மேலே நிழல்வலை போட்டால் ஆவியாவதும் பாசியும் குறையும். குடிலின் பாலித்தீன் கூரை ஆழ்துளைக் கிணற்றைவிட நல்ல நீர் ஆதாரம் என்பதை ஓசூர், தளி, கெலமங்கலம் பகுதிக் குடில்காரர்கள் எல்லோருமே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் விருப்பம்.

வரிசையாகச் சொல்வதென்றால், முதல் வாரத்தில் கழிவுத் தொட்டி, மூடி, கூடுதல் காற்று; இரும்பும் அப்போதே. அம்மோனியா 0.5 மி.கி.க்குக் கீழே இறங்கிய பிறகு தீவனத்தை இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை 50 கிராம் வீதம் கூட்டி 600 கிராமுக்குக் கொண்டுபோங்கள். 20 கிலோ எடையுள்ள உங்கள் மீன்களுக்கு அது 3 சதவீதம்; இந்த வயதில் அவை உண்ணக்கூடியதே. கூட்டும் நாட்களில் நைட்ரைட்டையும் பாருங்கள், அது மீனின் இரத்தத்தைப் பழுப்பாக்கி ஆக்சிஜனைச் சுமக்க விடாமல் செய்யும். மழைநீரோடு 600 கிராம் தீவனம் போகத் தொடங்கினால் மூன்று நான்கு வாரத்தில் பி.எச். 7-ஐ நெருங்கும். அதுவரை பாத்தியில் பாதியை மட்டும் நட்டு வையுங்கள்: 10 சதுர மீட்டருக்கு 600 கிராம் என்றால் 60 கிராம் வீதம், அதுவே நமக்கு வேண்டிய அளவு. மீன் வளர வளர மீதிப் பாதியையும் நிரப்பலாம். 200 மீனும் அரைக் கிலோ எடையை எட்டும்போது மொத்தம் 100 கிலோ. அப்போது ஒன்றரைக் கிலோ தீவனம் போகும், 20 சதுர மீட்டருக்கு அது 75 கிராம் வீதம். உங்கள் தொட்டியும் பாத்தியும் வளர்ந்த மீனுக்குப் பொருத்தமாகவே அமைக்கப்பட்டிருக்கின்றன. குஞ்சாக இருந்த மீனை வைத்துக்கொண்டு முழுப் பாத்தியையும் நட்டதால் செடி பட்டினி கிடந்தது.

பி.எச். 6.5-க்குக் கீழே போகத் தொடங்கும் நாள் கட்டாயம் வரும். அப்போது தெளிந்த சுண்ணாம்பு நீரையும் பொட்டாசியம் பைகார்பனேட்டையும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். பி.எச். நிற்கும், செடிக்குக் குறைவாக இருந்த சுண்ணாம்புச்சத்தும் சாம்பல்சத்தும் கூடவே போய்ச் சேரும். மேலே சொன்ன வேறு வழி இதுதான். பஞ்சகவ்யம், ஜீவாமிர்தம், மீன் அமிலம் ஆகியவற்றை இந்த நீரில் ஊற்றலாமா என்று பலர் கேட்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன்: ஊற்றக் கூடாது. மண்ணில் அவை செய்யும் நன்மை வேறு. சுழலும் நீரில் அவை ஆக்சிஜனைக் குடிக்கும்; சாணத்தில் உள்ள நோய்க்கிருமிகள், பச்சையாக உண்ணும் லெட்யூஸ் இலைவரை வரும் வாய்ப்பும் உண்டு.

குடைமிளகாய் பற்றிய உங்கள் கேள்வியே உங்கள் தொழிலுக்கு முக்கியமானது என்று நினைக்கிறேன். மிதவைப் பாத்தியில் குடைமிளகாய் வளர்க்க முடியும். ஆனால் நான் பரிந்துரைக்க மாட்டேன். காய்ப் பருவத்தில் அது கேட்கும் சாம்பல்சத்தை மீனுக்குத் தொல்லையில்லாமல் அதே நீரில் கொடுப்பது கடினம், செடிக்கு நோய் வந்தால் மருந்தடிக்கவும் முடியாது. உங்களிடம் ஏற்கெனவே சொட்டுநீர்க் குழாய்கள் இருக்கின்றன, குடைமிளகாயின் குணம் உங்களுக்குத் தெரியும், தொல்லை மண்ணில் மட்டுமே. ஆகவே நீரை ஒருவழியாக்குங்கள். மீன் தொட்டியின் நீரைத் தினமும் பத்தில் ஒரு பங்கு எடுத்து, கழிவு நீக்கி, டிஸ்க் வடிகட்டி வழியாகச் சொட்டுநீரில் விட்டு, தென்னைநார்க் கழிவு நிரப்பிய பைகளில் உள்ள செடிகளுக்குக் கொடுங்கள். அந்த நீர் மீன் தொட்டிக்குத் திரும்பவே கூடாது. குறையும் சத்தை வழக்கம்போல் உரக் கரைசலாகச் சொட்டுநீரில் சேர்க்கலாம், பி.எச்.-ஐ அந்தக் குழாயிலேயே அமிலம் விட்டுச் சரிசெய்யலாம், மீனுக்கு அதன் தொடர்பே இருக்காது. பைகள் மண்ணைத் தொடாதபடி களைத்தடுப்பு விரிப்பின்மேல் இருந்தால் நூற்புழுவும் எட்டாது. 5,000 லிட்டர் தொட்டியிலிருந்து நாளொன்றுக்கு 500 லிட்டர். கோடையில் செடிக்கு இரண்டு லிட்டர் என்று கொண்டால் 250 செடிகள். சுழலும் முறையின் அழகு இதில் இல்லை என்று சிலர் குறைப்படுவார்கள். விற்கும் பயிர் பிழைப்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. இந்த முறையில் ஈடுசெய்யும் நீர் கூடுதலாகத் தேவைப்படும் என்பதையும், அதற்கும் மழைநீர்க் குட்டை போதும் என்பதையும் சேர்த்துக் கொள்ளுங்கள்.

மருந்தடிப்பைப் பற்றி ஒரு சொல். குடைமிளகாயில் இலைப்பேனுக்கும் சிலந்திப்பேனுக்கும் மருந்தடித்துப் பழகிய கை உங்களுடையது. செயற்கைப் பைரித்ராய்டு மருந்துகள் மீனுக்கு மிக மிகக் கொடிய நஞ்சு. தாமிரப் பூஞ்சணக்கொல்லியும் அப்படியே. வேப்பெண்ணெய்க் கரைசலும் புகையிலைச் சாறும் இயற்கையானவை என்பதால் மீனுக்குப் பாதுகாப்பானவை ஆகிவிடாது. அதனால் மீன் தொட்டியைக் குடிலுக்கு வெளியே, ஒட்டினாற்போல் ஒரு கொட்டகை போட்டு அங்கே மாற்றுங்கள். சதுர மீட்டருக்கு அவ்வளவு செலவழித்துக் கட்டிய குடிலின் வெளிச்சத்தை, வெளிச்சம் வேண்டாத மீனுக்குக் கொடுப்பதும் வீண். கொட்டகைக்குச் சுவரும், தொட்டியைச் சுற்றித் தெர்மாகோல் பலகையும் அவசியம். ஓசூரின் மார்கழி, தை இரவுகளில் நீர் 20 டிகிரிக்குக் கீழே போனால் திலேப்பியா பாதித் தீவனம்கூட உண்ணாது. மிஞ்சிய தீவனம் அழுகும். அந்த மாதங்களில் மணியைப் பார்க்காமல் வெப்பமானியைப் பார்த்துத் தீவனம் போடுங்கள்.

விரிவாக்கம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். குடிலில் 600 சதுர மீட்டர் மிதவைப் பாத்தி அமைத்தால், 60 கிராம் வீதம் தினமும் 36 கிலோ தீவனம். இரண்டு சதவீதம் உண்பதாக வைத்தால் சராசரியாக 1,800 கிலோ மீன் எப்போதும் தொட்டியில் இருக்க வேண்டும். ஆண்டுக்கு எட்டு டன் மீன், அதாவது வாரந்தோறும் ஏறக்குறைய 150 கிலோ விற்க வேண்டும். லெட்யூஸ் சதுர மீட்டருக்கு 20 என்றால் 12,000 செடி. ஐந்து வாரச் சுற்றில் வாரத்துக்கு 2,400. பெங்களூரு பக்கத்தில் இருப்பது உங்களுக்கு நல்ல வாய்ப்புதான். ஆனாலும் வாரம் 2,400 லெட்யூஸை ஆண்டு முழுவதும் எடுத்துக்கொள்வதாக எழுதிக் கொடுக்கும் வாங்குபவர் கிடைக்காமல் இதில் இறங்க வேண்டாம். சித்திரை, வைகாசியில் குடிலுக்குள் பாத்தி நீர் 28 டிகிரியைத் தாண்டும்போது லெட்யூஸ் கசந்து பூத்தண்டு விடும், வேரழுகலும் வரும்; அந்த மாதங்களுக்கு வள்ளைக்கீரை, வல்லாரை, பொன்னாங்கண்ணி போன்ற நீரை விரும்பும் கீரைகள் மிதவையில் மிக நன்றாக வரும், ஆனால் அவற்றின் சந்தை விலை லெட்யூஸ் விலை அல்ல. என் ஆலோசனை: அடுத்த கட்டமாக 100 சதுர மீட்டர் மிதவைப் பாத்தி, மீதி இடத்தில் பைகளில் குடைமிளகாய். ஓராண்டு வரவு செலவு நோட்டு கையில் இருந்தால் அதற்கடுத்ததைப் பேசலாம். குடில் மானியத்தில் கட்டியது என்றால், அதன் பயன்பாட்டை மாற்றுமுன் தோட்டக்கலைத் துறையிடமும், மின் இணைப்பின் வகை மாற வேண்டுமா என்று மின்வாரியத்திடமும் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மின்சாரம் போனால் தானே இயங்கும் இன்வெர்ட்டரோ ஜெனரேட்டரோ காற்று இயந்திரத்துக்கு இல்லாமல் தொட்டியில் மீனின் அடர்த்தியைக் கூட்டக் கூடாது. வளர்ந்த மீன் நிறைந்த தொட்டியில் காற்று நின்றால் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே எல்லாம் முடிந்துவிடக் கூடும்.

கிஃப்ட் திலேப்பியாவை மாற்ற வேண்டியதில்லை. 1988 முதல் பிலிப்பைன்ஸில் தேர்வு இனப்பெருக்கம் மூலம் உருவாக்கப்பட்ட மீன் அது. மரபணு மாற்றப்பட்டது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் அதை வளர்க்க மீன்வளத் துறையின் அனுமதி தேவை, ஒருபால் குஞ்சுகளை அனுமதி பெற்ற பொரிப்பகத்தில்தான் வாங்க வேண்டும். 1952இல் வந்த ஜிலேபிக் கெண்டை நம் ஏரி குளங்களில் எப்படிப் பரவியது என்பது உங்களுக்கே தெரியும், ஆகவே கழிவுநீர்க் குழாயின் வாயில் வலை கட்டி, ஒரு மீன்கூட ஓடைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அனுமதி இன்னும் வாங்கவில்லையென்றால் உடனே வாங்குங்கள்; உங்கள் மாவட்டத்திலேயே பாரூரில் மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மையம் இருக்கிறது, நேரில் போய்க் கேட்கலாம். யாராவது ஆப்பிரிக்கக் கெளுத்தியைப் பரிந்துரைத்தால் கேட்காதீர்கள், அது நம் நாட்டில் தடை செய்யப்பட்டது.

கடைசியாகச் சேற்று வாடை. கழிவு படிந்த இடங்களில் வாழும் சில நுண்ணுயிர்களும் நீலப்பச்சைப் பாசியும் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருள் மீனின் கொழுப்பில் சேர்வதால் அது வருகிறது. கழிவையும் பாசியையும் நீக்கினாலே பெரும்பகுதி குறையும். விற்பனைக்கு முன் மீனைத் தனித் தொட்டியில், காற்று விட்ட சுத்தமான நீரில், தீவனம் போடாமல் நான்கைந்து நாள் வைத்து, நடுவில் நீரை மாற்றுங்கள். அந்த நீர் பாத்திக்குப் போக வேண்டாம். ஒரு மீனை உப்பு, மசாலா எதுவும் சேர்க்காமல் வேகவைத்து முகர்ந்து பார்த்த பிறகு மற்றவற்றை அனுப்புங்கள். 200 மீனையும் ஒரே நாளில் பிடித்துவிடாதீர்கள். தொட்டி காலியானால் தீவனமும் நிற்கும், பாத்தியில் இருக்கும் கீரைக்கு அடுத்த வாரத்திலேயே சத்துக் குறையும். இன்னொரு 5,000 லிட்டர் தொட்டி வைத்து, இப்போதுள்ள மீன் 250 கிராம் ஆகும்போது அதில் புதிய குஞ்சு விட்டால், ஒரு தொட்டியில் பிடிக்கும் நாளில் மற்றொன்றில் தீவனம் போய்க்கொண்டே இருக்கும்.